பால்வெட்டுக் குடும்பங்களின் தூக்கம், சர்க்கரை, மழைக்காலக் கடன்: மூன்றும் ஒரே முடிச்சா?

மலையோரம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, களியல், பேச்சிப்பாறை பக்கத்து ரப்பர் பால்வெட்டுக் குடும்பங்களை மனதில் வைத்து இந்த இழையைத் தொடங்குகிறேன். தூக்கம் போதவில்லை என்றால் "வேலை அப்படி" என்கிறார்கள். சர்க்கரை ஏறினால் "மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை) நிறுத்து". ஆனி, ஆடி மழையில் கடன் ஏறினால் "சிக்கனம் போதாது". மூன்று பேரிடம் கேட்டு மூன்று புத்திமதி வாங்கி வருகிறோம். இந்த மூன்றும் ஒன்றையொன்று இழுக்கின்றனவா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

விடியற்காலை 3 மணிக்கு எழும்புகிறவர் எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும், மத்தியானத் தூக்கம் கணக்கில் சேருமா? வெறும் வயிற்றில் கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) குடித்துவிட்டு வெட்டப் போகலாமா? வெட்டு நிற்கிற மாதங்களுக்குப் பணத்தை எப்படி ஒதுக்குவது? பொதுவான அறிவுரை நிறைய கிடைக்கிறது. அளவும் நேரமும் சொல்லுங்கள்.

ஆசாரிபள்ளம் வார்டு

தூக்கத்திலிருந்து தொடங்கலாம். மற்ற இரண்டும் அதன் பின்னாலேயே வரும்.

தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன. விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் சேர்கிற அடினோசின் ஒன்று. சுமார் 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றும் உடம்பின் உள்கடிகாரம் இன்னொன்று. இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இரவு 10.30க்குப் படுத்து 3 மணிக்கு எழும்பினால் நாலரை மணி நேரத் தூக்கம். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். குறைகிற இரண்டரை மணி நேரத்தில் என்ன போகிறது என்பதுதான் முக்கியம். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முதல் பாதியிலேயே கிடைத்துவிடும். கனவு காணும் தூக்கம் கடைசி மணி நேரங்களில்தான் அதிகம் வரும். பயம், கோபம், மனக்கசப்பு ஆகியவற்றின் சூட்டைத் தணிப்பதில் அந்தக் கனவுத் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 3 மணி அலாரம் வெட்டி எறிவது அதைத்தான். மத்தியானம் வீட்டுக்கு வந்த மனிதர் ஒன்றுமில்லாத காரியத்துக்கு எரிந்து விழுந்தால், குணத்தைக் குறை சொல்லும் முன் அவர் படுத்த நேரத்தைக் கேளுங்கள்.

"பழகிப்போச்சு, ஒண்ணும் தெரியல்ல" என்பார்கள். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், தினம் 6 மணி நேரம் மட்டும் 14 நாள் தூங்கவைத்தவர்களின் கவனத்திறன், இரண்டு இரவு வரை கண்ணே மூடாதவர்களின் அளவுக்கு இறங்கியது. ஆனால் அவர்களே உணர்ந்த தூக்கக் கலக்கம் முதல் சில நாளுக்குப் பிறகு பெரிதாக ஏறவில்லை. அதாவது கலக்கம் பழகிவிடும், கவனம் பழகாது. கையில் வெட்டுக்கத்தி இருக்கிறது, திரும்பும்போது பைக் ஓட்ட வேண்டியிருக்கிறது. இதை லேசாக எடுக்கக் கூடாது.

சர்க்கரைக்கு வருவோம். 1999இல் ஆரோக்கியமான இளைஞர்களைத் தினம் 4 மணி நேரம் வீதம் 6 இரவு தூங்கவைத்துப் பார்த்தார்கள். ரத்தத்திலிருந்து குளுக்கோஸ் இறங்கும் வேகம் தெளிவாகக் குறைந்தது. தின்றது மாறவில்லை, தூக்கம்தான் மாறியது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் ஏறும், வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் இறங்கும். இனிப்பும் மாவும் கேட்கும் நாக்கு அங்கிருந்து வருகிறது. எனவே மரச்சீனியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியில்லை.

திற்பரப்பு நீர்

அக்கா, சரி. ஆனால் 8 மணிக்குப் படு என்று சொன்னால் யாருக்கும் தூக்கம் வருவதில்லை. 10 மணி வரை புரண்டுவிட்டு "எனக்குத் தூக்கமே வராது" என்று அடுத்த நாளே விட்டுவிடுகிறார்கள். அதற்கு என்ன வழி?

ஆசாரிபள்ளம் வார்டு

அது மனசு சம்பந்தப்பட்டது இல்லை, கடிகாரத்தின் வேலை. ஒருவர் வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் உள்கடிகாரம் விழிப்பை மிக அழுத்திப் பிடிக்கும் நேரம். 10.30க்குப் படுக்கிறவருக்கு 8 மணியும் 9 மணியும் அந்தக் கதவடைப்புக்குள்ளேயே விழும். ஒரே நாளில் இழுத்தால் தோற்கத்தான் செய்யும்.

படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னால் நகர்த்துங்கள், மூன்று நாள் அங்கேயே நில்லுங்கள், பிறகு அடுத்த 15 நிமிடம். 10.30இலிருந்து 8.30க்கு வர மூன்றரை வாரம் ஆகும். கூடவே நான்கு காரியம்.

வெளிச்சம் முதலில். காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளும், ராத்திரி வெளிச்சம் பின்னுக்குத் தள்ளும். ரப்பர் தோட்டத்துக்குள் இலை மூடி நிழலாக இருக்கும், அங்கே நிற்பது போதாது. வெட்டு முடிந்து 7 மணிக்கு மேல் திறந்த வெளியில் 20, 30 நிமிடம் இருங்கள். ராத்திரி 7 மணிக்குமேல் அடுக்களை தவிர மற்ற இடங்களில் வெள்ளை டியூப்லைட்டை அணைத்து மஞ்சள் பல்பு போடுங்கள். போனைப் படுக்கைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இரண்டாவது சாயா. காஃபீன் உடம்பில் பாதியாகக் குறைய சராசரியாக 5 மணி நேரம் ஆகும். 4 மணி சாயாவில் பாதி 9 மணிக்கும் ஓடிக்கொண்டிருக்கும். 8.30க்குப் படுக்கிறவருக்குக் கடைசி சாயா மத்தியானம் 12க்கு.

மூன்றாவது குளியல். படுப்பதற்கு ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் முன்னால் பத்து நிமிடம் வெந்நீரில் குளித்தால் தோலுக்கு ரத்தம் ஓடி, பிறகு உள்வெப்பம் இறங்கும். தூக்கம் வருவதற்கு அந்த இறக்கம் வேண்டும். நம்மூர்ப் புழுக்கத்தில் உள்வெப்பம் தானாக இறங்கச் சிரமப்படும்.

நான்காவதுதான் எல்லாரும் கோட்டை விடுகிற இடம். மழையால் வெட்டு இல்லாத நாளில் 7 மணி வரை தூங்குவது. இரண்டு நாள் அப்படித் தூங்கினால் கடிகாரம் பின்னுக்குப் போய்விடும், சேர்த்த மூன்று வாரமும் வீண். வெட்டு இல்லாத நாளிலும் 4, 4.30க்குள் எழும்புங்கள். தூக்கக் கடனை மத்தியானம் தூங்கித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

குடும்ப ஜெபம் 8 மணிக்கு இருக்கிற வீடுகளில் அதை 6.30க்கு மாற்றி, 7 மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சீரியல் பார்க்கிறவர்கள் சத்தத்தைக் குறைத்தால் மீதிப் பாதி.

கீரிப்பாறை காற்று

மரத்தின் பக்கத்திலிருந்து ஒரு விஷயம். 3 மணிக்கே போக வேண்டுமா என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

பட்டைக்குள் பால் ஓடும் குழாய்களில் இருக்கும் அழுத்தம்தான் பாலை வெளியே தள்ளுகிறது. வெயில் ஏறி இலை நீரை இழக்கத் தொடங்கினால் அந்த அழுத்தம் குறையும், பால் சீக்கிரம் நின்றுவிடும். விடியலுக்கு முன் வெட்டுவதன் காரணம் இவ்வளவுதான். இரவு முழுக்க அழுத்தம் உயர்வாகவே நிற்கும். 2.30க்கு வெட்டியதற்கும் 5 மணிக்கு வெட்டியதற்கும் பாலில் சொல்லும்படி வித்தியாசம் வராது. வித்தியாசம் வருவது வெயில் ஏறிய பிறகு வெட்டுகிற கடைசி மரங்களில்தான்.

எனவே முடிக்கும் நேரத்திலிருந்து பின்னால் கணக்கிடுங்கள். 7.30க்கு முடிக்க வேண்டும், மணிக்கு 110, 120 மரம் வெட்டுகிற கை, 350 மரம் என்றால் 3 மணி நேரம். 4.30க்குத் தொடங்கினால் போதும். "சீக்கிரம் போனா சீக்கிரம் வரலாம்" என்று 2.30க்குப் போகிறவர் பாலில் ஒன்றும் கூடுதலாகச் சம்பாதிக்கவில்லை. பால் ஒழுகி முடிய எடுக்கும் நேரம் மாறாது, அதற்குள் எடுத்தால் மிச்சம் ஒட்டுப்பாலாக (பட்டையிலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டும் பாலாக) போகும், அதற்கு விலை குறைவு. அந்த இரண்டு மணி நேரத் தூக்கம்தான் நட்டம். வேறு கூலி வேலையும் பிடிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஹெட்லைட் வெளிச்சம் மங்கினால் கத்தி ஆழம் போகும். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள மெல்லிய படலத்தில் காயம் பட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அந்தப் பக்கம் வெட்டவே முடியாது. தூக்கக் கலக்கத்தோடு வெட்டுகிறவரின் பட்டையைப் பார்த்தாலே தெரியும். முதலாளிமார் படிக்கிறீர்கள் என்றால் இதையும் கணக்கில் எடுங்கள்.

நாகர்கோவில் வாசகர் வட்டம்

மத்தியானத் தூக்கம் பற்றி நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. சென்னையில் குறைந்த வருமானக்காரர்கள் 452 பேருக்கு ஒரு மாதம் தட்டச்சு வேலை கொடுத்துப் பார்த்தார்கள், 2021இல் முடிவு வெளியானது. ராத்திரி 8 மணி நேரம் படுக்கையில் கிடந்தும் அவர்கள் உண்மையில் தூங்கியது சுமார் 5.5 மணி நேரம். சூடு, சத்தம், கொசு. கண்மூடி, காதடைப்பான், ஊக்கத்தொகை எல்லாம் கொடுத்ததில் ராத்திரித் தூக்கம் 27 நிமிடம் கூடியது. ஆச்சரியம் என்னவென்றால், அந்தக் கூடுதலால் வேலையிலோ மனநலத்திலோ குறிப்பிடும்படி எதுவும் மாறவில்லை.

இன்னொரு குழுவுக்கு வேலையிடத்தில் மத்தியானம் அரைமணி நேரம் தூங்க இடம் கொடுத்தார்கள். கவனம், வேலைத்திறன், மனநிலை மூன்றும் உயர்ந்தன. "இன்றைக்கே வேண்டும்" என்ற பொறுமையின்மையும் குறைந்தது. கடைசி விஷயம் பணத்தோடு நேராகச் சம்பந்தப்பட்டது.

அதனால் நான் அக்காவோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். ராத்திரித் தூக்கத்தை நகர்த்த மூன்றரை வாரம் போராடுவதைவிட மத்தியானம் 30 நிமிடம் படுக்க வைப்பது சுலபம், பலனும் உடனே.

ஆசாரிபள்ளம் வார்டு

அந்த ஆய்வை மதிக்கிறேன். ஆனால் இரண்டு வித்தியாசம் இருக்கிறது. அங்கே கூட்டியது துண்டு துண்டாக உடைந்த தூக்கத்தை, 27 நிமிடம். இங்கே நாம் பேசுவது படுக்கும் நேரத்தையே வெட்டிப் போட்ட ஆளுக்கு இரண்டு மணி நேரம் திருப்பிக் கொடுப்பதை. தரம் கெட்ட அரைமணியும் அமைதியான மலையோரத்து இரண்டு மணியும் ஒன்றாகாது. இரண்டாவது, அதே ஆய்வில் தூங்காமல் அந்த அரைமணியும் வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டால் மொத்த வருமானத்தில் தூங்கியவர்களுக்கு லாபம் இல்லை, நேரம் போனதல்லவா. பால்வெட்டுக்காரருக்கு மத்தியானம் கூலி நேரம் இல்லை என்பதால் அந்த இழப்பு இங்கே வராது. ஆகவே மத்தியானத் தூக்கம் கட்டாயம் வேண்டும். ராத்திரிக்குப் பதிலாக என்று எடுக்கக் கூடாது.

அளவு சொல்கிறேன். பாலை உறைய ஊற்றி, ரப்பர் ஷீட் அடித்து, குளித்து, சாப்பிட்டு, 1 மணிக்குப் படுங்கள். ஒன்று, 20 முதல் 30 நிமிடத்தில் எழும்புங்கள். இல்லாவிட்டால் 90 நிமிடம் முழுச் சுற்று தூங்குங்கள். 45, 60 நிமிடத்தில் எழுப்பினால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவே இழுத்ததுபோல் ஆகி, அரைமணி நேரம் தலை கனத்துக் கிடக்கும். அதனால்தான் "மத்தியானம் தூங்கினா உடம்பு முறிஞ்சு போவுது" என்கிறார்கள். 3 மணிக்குமேல் படுக்கக் கூடாது, ராத்திரித் தூக்கத்தைத் தின்றுவிடும்.

ராத்திரி 8.45 முதல் 3.30 வரை ஆறேமுக்கால் மணி நேரம், மத்தியானம் அரைமணி. ஏழேகால். போதும்.

களியல் அடுக்களை

சாப்பாட்டுக்கு வருகிறேன்.

வெட்டுக்கு முன் ஒரு சாயா, வெட்டி முடித்து ஒன்று, பால் எடுக்கும் முன் ஒன்று, மத்தியானம் ஒன்று. ஒவ்வொன்றிலும் மூன்று டீஸ்பூன் சர்க்கரை என்றால் 12 கிராமுக்குக் குறையாது. நான்கு சாயாவில் கிட்டத்தட்ட 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரையை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. 2,000 கலோரிக்காரருக்கு அது 50 கிராம், 25 கிராம். வேறு எதுவும் தின்னாமலேயே மேல்வரம்பு தொட்டாயிற்று. வாரத்துக்கு அரை டீஸ்பூன் வீதம் குறையுங்கள், நாக்குக்குத் தெரியாது. கருப்பட்டியும் சர்க்கரைதான், அதற்கு மாறினால் கணக்கு குறையாது.

வெட்டப் போகும் முன் கொஞ்சமாவது வயிற்றுக்குள் போக வேண்டும். ஒரு ஏத்தன் (நேந்திரன்) பழத்தில் பாதி, ஒரு பிடி வறுத்த நிலக்கடலை. அவித்த முட்டை என்றால் இன்னும் நல்லது. வெட்டி முடித்து 7.30, 8க்குப் பழஞ்சி (பழைய சோறு), கூடவே பயறோ மீனோ. பழஞ்சியும் காந்தாரி மிளகும் மட்டும் என்றால் புரதம் இல்லை, 10 மணிக்கே கை நடுங்கும்.

மரச்சீனி: 100 கிராம் பச்சைக் கிழங்கில் மாவுச்சத்து சுமார் 38 கிராம், புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை. அதே எடைச் சாளை (மத்தி) மீனில் 20 கிராம் அளவுக்குப் புரதம். தட்டில் முக்கால் பங்கு கிழங்கும் ஓரத்தில் இரண்டு சாளையும் என்ற வழக்கத்தைத் திருப்ப வேண்டும். கிழங்கு ஒரு கைப்பிடி அளவு, மீன் நாலைந்து, கூட ஒரு கீரை அல்லது பயறுத் தோரன். மீனையும் தோரனையும் முதலில் தின்று கிழங்கைக் கடைசியில் எடுத்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். சாப்பிட்டதும் 10, 15 நிமிடம் நடந்தால் தசையே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும், இன்சுலினுக்குப் பாரம் குறையும்.

கிழங்கு அவிப்பதிலும் ஒரு காரியம். கிழங்கில் லினமாரின் என்ற பொருள் உண்டு, செல் உடையும்போது அதிலிருந்து சயனைடு வரும். சின்னத் துண்டாக நறுக்கி, நிறைய வெள்ளத்தில், மூடி போடாமல் கொதிக்கவைத்து, அந்த வெள்ளத்தை வடித்துக் கொட்ட வேண்டும். கசக்கிற கிழங்கை வெள்ளம் மாற்றி இரண்டாவது முறையும் அவியுங்கள், அதற்கும் கசந்தால் தூரப் போடுங்கள். மிச்சமிருக்கும் துளி சயனைடை உடம்பு கந்தகம் உள்ள அமினோ அமிலங்களைக் கொண்டு தயோசயனேட்டாக மாற்றி வெளியேற்றும். அந்தக் கந்தகம் மீனிலும் முட்டையிலும் இருக்கிறது. மரச்சீனியும் மீனும் சேர்ந்து வந்தது வெறும் ருசிக்காக என்று யாரும் நினைக்க வேண்டாம். தயோசயனேட் தைராய்டுக்குப் போகும் அயோடினைத் தடுக்கும் என்பதால் அயோடின் உப்பு கட்டாயம். உப்பின் அளவோ எல்லாவற்றையும் சேர்த்து நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். மழை மாதத்தில் மீன் விலை ஏறினால் கருவாட்டுக்குத் தாவுவோம், அப்போது குழம்பில் உப்பே போடாதீர்கள்.

திற்பரப்பு நீர்

சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் வெட்டுக்குப் போனால்? சிலர் 3 மணிக்கே போட்டுவிட்டுப் போகிறார்கள், 9 மணிக்குத்தான் தின்கிறார்கள்.

ஆசாரிபள்ளம் வார்டு

நல்ல கேள்வி, இந்த இழையில் மிக அவசரமான கேள்வியும் இதுதான்.

மாத்திரைப் பட்டையில் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு என்று எழுதியிருந்தால், அது கணையத்தை அழுத்தி இன்சுலின் சுரக்கவைக்கும் வகை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அழுத்தும். 3 மணிக்குப் போட்டுவிட்டு வெறும் வயிற்றில் 350 மரம் குனிந்து நிமிர்ந்தால் சர்க்கரை 70க்குக் கீழே விழலாம். வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, எரிச்சல், பிறகு குழப்பம். தோட்டத்தில் எல்லாருக்கும் வேர்க்கும், ஆகவே முதல் அறிகுறி மறைந்துவிடும், அதுதான் ஆபத்து. மெட்பார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. இன்சுலின் போடுகிறவர்களுக்கு அதிகம்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, நேரத்தையும் நீங்களாக மாற்றக் கூடாது. டாக்டரிடம் "காலைக்கு ஒண்ணு" என்பதை வாங்கி வராமல், "நான் 3.30க்கு எழும்புவேன், முதல் சாப்பாடு 8 மணிக்கு, 4.30 முதல் 7.30 வரை உடம்பு வேலை" என்று சொல்லி எழுதி வாங்குங்கள். பலருக்கு முதல் முழுச் சாப்பாட்டோடு போடச் சொல்வார்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து மாத்திரை தருகிற பணியாளரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

இடுப்புப் பையில் 15 கிராம் சர்க்கரை, அதாவது கிட்டத்தட்ட நாலு டீஸ்பூன், காகிதத்தில் மடித்து இருக்கட்டும். நடுக்கம் வந்தால் கத்தியை வைத்துவிட்டு உட்கார்ந்து அதைத் தின்னுங்கள். 15 நிமிடம் கழித்தும் தீரவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். தீர்ந்ததும் பழமோ கிழங்கோ தின்ன வேண்டும், சர்க்கரை மட்டும் என்றால் திரும்ப விழும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

வட்டிக்கணக்கு

பணத்துக்கு வரலாம். எட்டு மாதம் நல்ல வெட்டு, நாலு மாதம் மெலிவு என்று வைத்துக்கொள்கிறேன். மாசி, பங்குனியில் இலை உதிர்ந்து மரத்துக்கு ஓய்வு. ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை. நம் மாவட்டத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழையும் உண்டு, அதை நல்ல மாதத்துக்குள்ளேயே சராசரியாக எடுத்துவிட்டேன்.

உதாரணத்துக்கு நல்ல மாதம் 16,000, மெலிந்த மாதம் 6,000. ஆண்டுக்கு 1,28,000 கூட்டல் 24,000, மொத்தம் 1,52,000. பன்னிரண்டால் வகுத்தால் 12,600 சொச்சம். இந்த வீட்டின் உண்மையான மாத வருமானம் அதுதான். 16,000 என்று நினைத்து நடத்துவதில்தான் தவறு தொடங்குகிறது. நல்ல மாதத்தில் 3,300 ஒதுக்கினால் எட்டு மாதத்தில் 26,400. மெலிந்த நாலு மாதத்துக்கு 6,600 வீதம் எடுக்கலாம். பன்னிரண்டு மாதமும் வீட்டுக்கு 12,600, 12,700 சீராக வரும். கூலி வாரக் கூலி என்றால் வாரம் 770.

இதைச் செய்யாதவர் ஆனியில் என்ன செய்கிறார்? தண்டல். 10,000 கேட்டால் 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவார்கள், தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "பத்து சதவீதம்தானே" என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், கையில் சராசரியாக இருப்பது அதில் பாதிதான். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு சுமார் 78 சதவீத வட்டி. மூன்று ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 36. நகைக்கடன் அதைவிட எவ்வளவோ மேல்.

நகைக்கடன் எடுத்தே ஆக வேண்டும் என்றால்: ரிசர்வ் வங்கி விதிப்படி 2026 ஏப்ரல் 1 முதல் வங்கியும் நிதி நிறுவனமும் 2.5 லட்சம் வரையிலான நுகர்வுக் கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். தரலாம் என்பதற்காக 85ஐயும் எடுக்காதீர்கள். தங்கம் விலை இறங்கினாலோ வட்டி ஏறி நின்றாலோ மூழ்குவது அந்த ஓரத்தில் நிற்பவர்தான். பாதி மதிப்புக்கு மேல் போகாதீர்கள். கடன் தீர்த்தபின் நகையை 7 வேலை நாளுக்குள் தர வேண்டும், அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பதும் அதே விதியில் இருக்கிறது.

கீரிப்பாறை காற்று

அண்ணே, ஒதுக்குவதற்கு முன்னால் மெலிந்த மாதத்தையே குறைக்கலாமே. ரெயின்கார்டு (வெட்டுப் பட்டை நனையாமல் மரத்தில் ஒட்டும் பாலித்தீன் மறைப்பு) போட்ட தோட்டத்தில் ஆனி, ஆடியிலும் பல நாள் வெட்டலாம். மே கடைசிக்குள், பட்டை காய்ந்திருக்கும்போது ஒட்ட வேண்டும். மேல்தோலை லேசாகச் சுரண்டி, தார்ப் பசையைப் பூசி, பாலித்தீனை மடிப்பு வைத்து ஒட்ட வேண்டும். ஈரப் பட்டையில் ஒட்டினால் பசை பிடிக்காது, வெள்ளம் உள்ளே இறங்கி வெட்டுப் பட்டை அழுகும். அழுகாமலிருக்க மழைக்காலம் முழுக்க வாரம் ஒருமுறை மாங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லிக் கரைசலை வெட்டுப் பட்டையில் தடவ வேண்டும். முதல் மழை பெய்தபின் ஓடுகிறவர்களுக்கு இது கைகொடுக்காது.

முட்டம் அலை

கடற்கரைக்கும் இதே கணக்குதான். கிழக்குப் பக்கம் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, மேற்கே முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. 61 நாள். தேதி முன்கூட்டியே தெரிந்த மெலிவு என்பதால் எங்களுக்குத் திட்டமிடுவது இன்னும் சுலபம். விசைப்படகில் பங்குக்குப் போகிறவர்களுக்கு மாதக் கணக்கு ஒத்துவராது. ஒவ்வொரு பங்குப் பணத்திலும் ஐந்தில் ஒரு பங்கு என்று விகிதம் வைத்தால்தான் நிற்கும்.

சீட்டு பற்றி யாரும் சொல்லவில்லையே? எங்கள் ஊரில் சேமிப்பு என்றாலே சீட்டுதான். வங்கிப் பணம் கைநீட்டினால் வந்துவிடும், சீட்டுக்குக் கட்டாமல் இருந்தால் நாலுபேர் கேட்பார்கள். அந்தக் கட்டாயம்தான் சேர்க்க வைக்கிறது.

வட்டிக்கணக்கு

நீங்கள் சொன்ன கட்டாயம் உண்மையான பலம், அதை மறுக்க மாட்டேன். பிலிப்பைன்சில் ஒரு வங்கி, குறித்த தேதிக்கு முன் எடுக்க முடியாத கணக்கைக் கொடுத்துப் பார்த்ததில் சேமிப்பு நன்றாகவே கூடியது. மனசு நாளைக்கு என்பதைவிட இன்றைக்கு என்பதைப் பெரிதாகப் பார்க்கும், பூட்டு அதற்கு மருந்து.

சீட்டில் இடறுகிற இடம் ஒன்று. ஆனியில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பணம் வேண்டும். தள்ளு (ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை) கூடும். அந்த மாதம் எடுப்பவர் சேமிக்கவில்லை, அதிக வட்டிக்குக் கடன் வாங்குகிறார். சீட்டைக் கடைசியில் எடுக்கிறவருக்குத்தான் அது சேமிப்பு. பதிவு செய்த சீட்டா என்று பாருங்கள். 1982 சீட்டு நிதிச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தப்படி நடத்துநர் கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பதிவில்லாத தீபாவளிச் சீட்டில் போன பணத்துக்குக் கேட்க ஆள் இருக்காது.

தபால் ஆர்டி மழைப் பணத்துக்கு ஆகாது. 5 ஆண்டுத் திட்டம், 3 ஆண்டுக்கு முன் மூட முடியாது. வட்டியைப் பார்த்து அதில் போட்டுவிட்டு ஆனியில் தண்டலுக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். மழைப் பணத்துக்குத் தனி சேமிப்புக் கணக்கு, ஏடிஎம் கார்டு வாங்காமல், கூகுள் பேயோடு இணைக்காமல். கிளைக்கு நேரில் போனால்தான் எடுக்க முடியும் என்ற அந்தச் சின்னத் தொந்தரவு போதும். கூலி வாங்கிய அன்றே போட வேண்டும். மகளிர் குழு இருக்கிற வீட்டில் அதன் வாரச் சேமிப்போடு சேர்த்துக் கொடுத்தாலும் நல்லது.

கூடவே ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடும், 436 ரூபாயில் 2 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடும் வங்கிக் கணக்கிலேயே இருக்கின்றன. மே கடைசியில் பிடிப்பார்கள், கணக்கில் பணம் இல்லாவிட்டால் சத்தமில்லாமல் ரத்தாகும். ஜூனில் பாஸ்புக்கைப் பதிந்து பாருங்கள்.

நாகர்கோவில் வாசகர் வட்டம்

மலையோரம் கேட்ட முடிச்சுக்கு வருகிறேன். விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்து 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. அதே மனிதர், கையில் பணமில்லாத மாதத்தில் புதிர்த் தேர்விலும் கவனத் தேர்விலும் குறைவாக எடுத்தார், பணம் வந்தபின் கூடுதலாக எடுத்தார். இரண்டாவது முறை எழுதும் பழக்கத்தால் மதிப்பெண் ஏறியிருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு, ஒரு பகுதியினரை அறுவடைக்குப் பின் மட்டுமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதன் கணக்கிடும் முறையை விமர்சித்தவர்களும் உண்டு. ஆனாலும் திசை தெளிவு: பணக் கவலை மூளையின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. பணமில்லாதவர் யோசிக்கத் தெரியாதவர் என்ற பேச்சுக்கு இது நல்ல பதில்.

இப்போது வரிசையாக வையுங்கள். ஆனியில் வருமானம் நிற்கிறது, கவலையில் தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெட்டதால் சர்க்கரையும் எரிச்சலும் ஏறுகின்றன, பொறுமை குறைந்த தலையோடு தண்டல்காரரிடம் கையெழுத்துப் போடுகிறோம், அந்த தினசரி 100 ரூபாய் அடுத்த தூக்கத்தையும் கெடுக்கிறது. எனவே பெரிய முடிவுகளை ஆனியில் எடுக்காதீர்கள். எங்கே கடன் வாங்குவது, எந்த நகையை எவ்வளவுக்கு வைப்பது என்பதைச் சித்திரையிலேயே ஒரு தாளில் எழுதி வீட்டில் இருவரும் பார்த்து வையுங்கள்.

மலையோரம்

படுத்தபின் ஓடுகிற கவலைக்கு? பலர் அதற்காகத்தான் ஒரு குவாட்டர் போட்டுவிட்டுப் படுக்கிறார்கள்.

ஆசாரிபள்ளம் வார்டு

சாராயம் சீக்கிரம் கண்ணை மூடவைக்கும், பிறகு கனவுத் தூக்கத்தை அமுக்கி, இரவின் பின்பாதியை உடைக்கும். 3.30க்கு எழும்புகிறவருக்கு ஏற்கெனவே குறைவாக இருப்பதே அதுதான். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போடுகிறவர் குடித்துவிட்டு வெறும் வயிற்றில் வெட்டப் போனால் சர்க்கரை விழும் ஆபத்து இன்னும் கூடும், ஏனென்றால் சாராயத்தை முறிக்கும் வேலையில் ஈரல் குளுக்கோஸ் வெளியிடுவதைக் குறைத்துவிடும்.

படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம், நாளைக்குச் செய்ய வேண்டியதை ஒரு நோட்டில் எழுதுங்கள். "தனிக் கணக்கில் 770 போட வேண்டும், பள்ளிக்கூட பீஸ் பற்றி டீச்சரிடம் கேட்க வேண்டும்" என்று குறிப்பாக. செய்து முடித்ததை எழுதியவர்களைவிட, செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கியதை 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. எவ்வளவு குறிப்பாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். பிறகு மூச்சை மூக்கால் 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை விடுங்கள், ஐந்து நிமிடம்.

இரண்டு வாரத்துக்குமேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாகலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் நோட்டும் மூச்சும் போதாது. 14416 டெலிமானஸ் மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசலாம், பணம் வேண்டாம். கடன்காரர் மிரட்டுவதால் அந்த நிலை என்றால் அதையும் அங்கே சொல்லுங்கள், கந்துவட்டிக்கு எதிராக 2003இல் வந்த மாநிலச் சட்டத்தின்படி போலீசிலும் புகார் கொடுக்கலாம்.

திற்பரப்பு நீர்

எல்லாம் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. எதில் தொடங்கச் சொல்லுவீர்கள்?

ஆசாரிபள்ளம் வார்டு

சர்க்கரை மாத்திரை போடுகிறவர் வீட்டில் இருந்தால் இன்றைக்கே அந்தப் பட்டையில் உள்ள பெயரைப் படியுங்கள், வெட்டுப் பையில் சர்க்கரை மடியுங்கள். மற்றவர்கள் மத்தியான அரைமணித் தூக்கத்தில் தொடங்கலாம், அதற்குச் செலவும் இல்லை, யார் சம்மதமும் வேண்டாம்.

வட்டிக்கணக்கு

பணத்தில் முதல் படி அந்தத் தனிக் கணக்கு. வாரம் 770 முடியாவிட்டால் 200இல் தொடங்குங்கள். வடகிழக்கு மழை ஓய்ந்து நல்ல வெட்டு நடக்கிற மார்கழி, தையில் அதை ஏற்றுங்கள். ஆதார், பான் அல்லது பான் இல்லாதவர்கள் கொடுக்கும் படிவம், இரண்டு போட்டோ கொண்டுபோனால் கணக்கு தொடங்கலாம். வாரிசு நியமனத்தை அன்றே நிரப்பிவிட்டு வாருங்கள்.